உற்சவக் கடைக் கண்ணாடி

செண்பகவல்லிக்கு எழுத்து தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. மலையாளம், தமிழ், ஆபீசுக்கு வேண்டிய இங்கிலீஷ், மூன்றும் தெரியும். ஒரு வார்த்தையைத் தனியாக எழுதிக் காட்டினால் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். ஒரு பக்கம் முழுக்க எழுத்தாக முன்னால் வைத்தால்தான் தொல்லை. இரண்டாம் வரியைத் தொடும்போதே எழுத்துகள் ஊர ஆரம்பிக்கும். மேல்வரி சரிந்து கீழ்வரியின்மேல் உட்காரும். தாளின் வெள்ளை வார்த்தைகளுக்கு நடுவே புகுந்து ஓடும். விரலை வைத்து, ஒவ்வொரு வார்த்தையாகப் பிடித்து நிறுத்திப் படிக்க வேண்டும். பக்கம் முடிவதற்குள் நெற்றிப்பொட்டு தெறிக்கும்.

எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று அவள் வெகுகாலம் நினைத்திருந்தாள். மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு படிக்கிறார்கள், தனக்குத்தான் சோம்பல் அதிகம். பள்ளிக்கூடத்து டீச்சர்களும் அதையேதான் சொன்னார்கள். பாடத்தைக் காதால் கேட்டு மனப்பாடம் செய்தே பத்தாம் வகுப்பைத் தாண்டினாள். சர்க்கார் வேலைக்கு ஆள் எடுக்கும் பி.எஸ்.சி. பரீட்சை எழுதி, தோற்று, மறுபடி எழுதி, கடைசியில் எல்.டி. கிளார்க் வேலைக்கு உத்தரவு வந்தபோது, சாலை பஜாரின் பின்சந்தில் அவர்கள் குடியிருந்த வரிசை வீடுகளுக்கெல்லாம் அம்மா பிச்சம்மாள் சர்க்கரை கொண்டுபோய்க் கொடுத்தாள். அப்பா கோமதிநாயகம் பஜாரில் ஒரு பருப்பு மண்டியில் எடை போடுகிறவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையாளச் சீமைக்குப் பிழைக்க வந்த குடும்பம். சர்க்கார் உத்தியோகம் என்று அந்த வீட்டில் நுழைந்தது அதுதான் முதல் தடவை.

அவள் வேலை பார்த்த இயக்ககம் பாளையத்துக்கு அருகில் ஒரு பழைய ஓட்டுக் கட்டடத்தில் இருந்தது. அவள் சேர்ந்து கொஞ்ச நாளில் நாட்டில் அவசரநிலை வந்தது. வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்க்கச் சொல்லும் போர்டுகள் வராந்தாவில் முளைத்தன. ஒவ்வொரு வாரமும் எந்த கிளார்க் எத்தனை ஃபைலை முடித்தார் என்று ஒரு சார்ட் எழுதி செக்‌ஷன் சுவரில் ஒட்டினார்கள். கடைசியில் நிற்பவரின் பெயரைச் சிவப்பு மையில் எழுதினார்கள். வாரா வாரம் சிவப்பில் இருந்தது செண்பகவல்லியின் பெயர்.

செக்‌ஷன் சூப்பிரண்டு ஸ்ரீகண்டன் கோட்டைக்குள் அக்ரஹாரத்தில் இருப்பவர். குறித்த நேரத்துக்கு வருவார், குறித்த நேரத்துக்குப் போவார், ஒரு காகிதம் கசங்கினால்கூடப் பொறுக்கமாட்டார். அந்த செக்‌ஷனில் அவரும் செண்பகவல்லியும்தான் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். அது அவளுக்கு உதவியாக இருக்கவில்லை. அவளைத் தனியாகக் கூப்பிட்டு, மற்றவர்கள் பின்னால் என்ன சொல்கிறார்கள் என்று தெரியுமா என்று கேட்பார். தமிழர்களை அங்கே இளக்காரமாகப் பாண்டி என்பார்கள். பாண்டிக்காரிக்கு மூளை ஓடாது என்று சொல்கிறார்களாம். தன் காதில் அது விழும்போது தன்னையும் சேர்த்துச் சொன்ன மாதிரி இருக்கிறதாம். அவள் தலையைக் குனிந்துகொண்டு நிற்பாள். புரொபேஷன் முடிகிறவரை தலையைக் குனிந்துதான் நிற்க வேண்டும் என்பது அப்பா சொல்லி அனுப்பிய புத்தி.

ஒருநாள் பழைய கடிதப் போக்குவரத்து ஒன்றைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. டைப்பிஸ்ட் தங்கபாய் அலமாரியிலிருந்து ஒரு கட்டை இறக்கிக் கொடுத்தாள். எல்லாம் ஆபீஸ் காப்பிகள். வெளியே போகும் கடிதத்தை வெள்ளைத் தாளில் அடித்து, கார்பன் வைத்து, ஆபீசில் வைத்துக்கொள்ளும் நகலை மெல்லிசான ரோஸ் தாளில் எடுப்பது வழக்கம். செண்பகவல்லி கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு தேடினாள். தேடிய கடிதம் கிடைத்தது. அதற்கு முன்னால் இருந்த கடிதங்களையும் படித்து முடித்திருந்தாள் என்பது பிறகுதான் அவளுக்கு உறைத்தது. விரல் தாளில் இல்லை, மடியில் கிடந்தது.

அவள் உடனே மற்றொரு ஃபைலை எடுத்தாள். அதே கடிதத்தின் வெள்ளைப் பிரதி ஒன்று திரும்பி வந்து அதில் கிடந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அதே வார்த்தைகள், அதே டைப்ரைட்டர். ரோஸில் எழுத்துகள் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தன. வெள்ளையில் ஊர்ந்தன. மங்கலான கார்பன் எழுத்து நிற்கிறது, பளிச்சென்ற எழுத்து நிற்கமாட்டேன் என்கிறது. தங்கபாயைக் கூப்பிட்டுக் காட்டினாள். தங்கபாய் இரண்டையும் பார்த்துவிட்டுத் தனக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கிறது என்றாள். பிறகு செண்பகவல்லியின் முகத்தைக் கவனித்தவள் சிரிக்காமல், உனக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்டாள். இருபத்துமூன்று வயது வரையில் அந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை.

அன்று சாயங்காலம் சாலை பஜாரில் கொடி, தோரணம் விற்கும் கடையில் கலர் ஜெலட்டின் தாள்களை வாங்கினாள். மஞ்சள், பச்சை, நீலம், ரோஸ். வீட்டில் அப்பா வாங்கும் தமிழ்ப் பேப்பரை விரித்து ஒவ்வொன்றாக மேலே போட்டுப் பார்த்தாள். பச்சையில் எழுத்துகள் இன்னும் மோசமாகத் துடித்தன. நீலம் போட்டதும் இல்லாததும் ஒன்று. மஞ்சளில் கொஞ்ச நேரம் நின்றன. ரோஸைப் போட்டதும் பக்கம் முழுவதும் பெருமூச்சு விட்டுப் படுத்துக்கொண்ட மாதிரி அமைதியாயிற்று. விலைவாசிச் செய்தி, கிணற்றில் விழுந்த மாடு, வரன் தேவை எல்லாவற்றையும் படித்தாள். நெற்றி வலிக்கவில்லை. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, எதற்காக அழுகிறாய் என்று கேட்டாள். அழுவது அப்போதுதான் தெரிந்தது.

ஃபைல் தாளின் அளவுக்கு ரோஸ் தாளை வெட்டி, ஓரங்களில் அட்டை ஒட்டி ஆபீசுக்குக் கொண்டுபோனாள். படிக்கும் பக்கத்தின்மேல் அதைப் படிய வைப்பாள். முடிந்ததும் எடுத்து அடுத்த பக்கத்தில் வைப்பாள். முதல் வாரம் யாரும் கவனிக்கவில்லை. அடுத்த வாரச் சார்ட்டில் சிவப்பு மையில் வேறு யாருடைய பெயரோ இருந்தது. அப்போது கவனித்தார்கள். புதுப் படங்களின் போஸ்டர்களில் ஈஸ்ட்மன் கலர் என்று பெரிதாகப் போடும் காலம் அது. அவளுக்கு ஈஸ்ட்மன் கலர் என்று பெயர் வைத்தார்கள். ஈஸ்ட்மன் கலர் வந்தாச்சா, ஈஸ்ட்மன் கலரிடம் அந்த ஃபைலைக் கொடு. செண்பகவல்லி பொருட்படுத்தவில்லை. மூளை ஓடாதவள் என்பதைவிட அது எவ்வளவோ மேல்.

வினை வந்தது இன்ஸ்பெக்‌ஷன் அன்று. மேலிடத்திலிருந்து வந்த அதிகாரி ஒருவர் மேசை மேசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். செண்பகவல்லியின் மேசையில் நின்று, இது என்ன, கல்யாண வீட்டு ஜோடனையா என்று கேட்டார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் சிரித்தார்கள். ஸ்ரீகண்டனின் காது மடல்கள் சிவந்ததை அவள் பார்த்தாள். அவள் எழுந்து நின்று விஷயத்தைச் சொல்லத் தொடங்கினாள். அதிகாரி அதற்குள் அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

மறுநாள் மெமோ வந்தது. அரசு ஆவணங்களின்மேல் வண்ணத்தாள் முதலிய எந்தப் பொருளையும் வைக்கக் கூடாது. சம்பந்தப்பட்ட ஊழியர் கண் பரிசோதனை செய்துகொண்டு சர்டிபிகேட் தர வேண்டும். ஸ்ரீகண்டன் அவள் மேசையிலிருந்த ரோஸ் தாளைத் தானே எடுத்துத் தன் டிராயரில் வைத்துப் பூட்டினார்.

கண் டாக்டர் சுவரில் மாட்டிய எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார். எழுத்துகள் பெரிதாக, தள்ளித் தள்ளி இருந்தன. அவள் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று சொன்னாள். பக்கமாக இருந்தால்தான் கஷ்டம், தனி எழுத்து கஷ்டமில்லை என்று சொல்லிப் பார்த்தாள். வெளியே வரிசை நீண்டு நின்றது. பார்வையில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவர் எழுதியது பொய்யில்லை. அந்தச் சர்டிபிகேட்தான் அவளுக்கு எதிரான சாட்சியாக மாறியது.

ஸ்ரீகண்டன் அதைப் படித்துவிட்டுச் சாந்தமாகவே பேசினார்.

“பாரு, டாக்டரே எழுதியாச்சு. உன் கண்ணுக்கு ஒண்ணும் இல்லை. எல்லாம் மனசு பண்ற வேலையாக்கும். வேஷம் கட்டிண்டு ஆபீசுக்கு வராதே, கேட்டியோ? நாம ரெண்டு பேர்தான் இங்கே தமிழா இருக்கோம். நாலு பேர் சிரிக்கும்படியா வச்சுக்கப்படாது.”

இரண்டு வாரம் அவள் வெள்ளைத் தாளோடு மல்லுக்கட்டினாள். ஃபைல்கள் மேசையில் ஏறின. விரல் மறுபடி தாளுக்குப் போயிற்று. முன்பு இதைச் சோம்பல் என்று நம்பியதால் பொறுத்துக்கொண்டாள். இப்போது அப்படி இல்லை என்று தெரியும். தெரிந்தபிறகு பொறுத்துக்கொள்ள முடியவில்லை. சார்ட்டில் பெயர் சிவப்புக்குத் திரும்பியபோது வெட்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது.

கோபத்தோடுதான் அன்று பஸ்ஸிலிருந்து கிழக்கேகோட்டையில் இறங்கினாள். கோட்டைக்குள் இருக்கும் கோயிலில் பங்குனி உற்சவம் நடந்துகொண்டிருந்தது. கோட்டை வாசலிலிருந்து பஜார் வரை வளையல் கடையும் பலூன் கடையும் போட்டிருந்தார்கள். ஒரு கடையில் குழந்தைகள் போட்டுக்கொள்ளும் பிளாஸ்டிக் கண்ணாடிகள் கயிற்றில் வரிசையாகத் தொங்கின. சிவப்பு, பச்சை, மஞ்சள் ஜெலட்டின் ஒட்டியவை. அவள் நின்று பார்த்தாள். சாதாரணக் கண்ணாடிக் கடையில் அவள் ஏற்கெனவே விசாரித்திருந்தாள். கறுப்பும் அடர்பச்சையும்தான் இருக்கிறது, ரோஸ் வேண்டுமென்றால் மெட்ராசிலிருந்து வர வேண்டும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார்கள். கயிற்றில் தொங்கியதில் பெரிய அளவாகப் பார்த்து ஒன்றை வாங்கினாள். நீல பிரேம். வீட்டுக்கு வந்து அதன் சிவப்பு ஜெலட்டினைக் கிழித்து எறிந்துவிட்டு, மீதியிருந்த ரோஸ் தாளை அளவாக வெட்டி ஒட்டினாள். காதுக்கு எட்டாத கால்களை நூலால் நீட்டிக் கட்டினாள்.

மறுநாள் காலை கையெழுத்துப் போட்டு, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு முதல் ஃபைலைப் பிரித்தாள்.

செக்‌ஷனில் டைப்ரைட்டர் சத்தம் நின்றது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் பக்கத்து செக்‌ஷனிலிருந்து ஆட்கள் ஏதோ காகிதம் கேட்கிற சாக்கில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மாடியிலிருந்தும் வந்தார்கள். செண்பகவல்லிக்குக் கழுத்தெல்லாம் வியர்த்தது. ஆனால் எழுத்துகள் நின்றன. அவள் குனிந்த தலை நிமிராமல் படித்தாள். இந்தத் தடவை பயந்து குனியவில்லை, படிப்பதற்காகக் குனிந்திருந்தாள்.

ஸ்ரீகண்டன் எழுந்து வந்தார். மேசைக்கு முன்னால் நின்று தாழ்ந்த குரலில் அதைக் கழற்றச் சொன்னார்.

“மெமோவுல ஃபைலுக்கு மேல ஒண்ணும் வைக்கப்பிடாதுன்னுதான் போட்டிருக்கு சார்” என்றாள் அவள். “இது என் மூக்குக்கு மேலல்லா இருக்கு.”

இது என்ன எதிர்ப்பேச்சு என்று அவர் கேட்டார். தான் எதிர்த்துப் பேசவில்லை என்றும், மெமோவை முழுக்கப் படித்துத்தான் சொல்வதாகவும் பதில் சொன்னாள். அறையில் இப்போது யாரும் சிரிக்கவில்லை. ஸ்ரீகண்டன் திரும்பித் தன் இடத்துக்குப் போனார். அவர் கை ஒரு பென்சிலை எடுத்துக் கீழே வைத்து மறுபடி எடுத்ததைத் தங்கபாய் பார்த்தாள். மத்தியானம் சாப்பிடும்போது தங்கபாய் அவளிடம் பயமாக இல்லையா என்று கேட்டாள். இருக்கிறது என்றாள் செண்பகவல்லி. காலம் வேறு கெட்ட காலம். மற்ற சமயமாக இருந்தால் ஊழியர் சங்கத்தில் போய்ச் சொல்லலாம். அந்த வருஷம் சங்கத்துக்காரர்கள் தங்கள் நிழலைப் பார்த்தே ஒதுங்கி நடந்தார்கள். வேலையில் திறமை இல்லாதவர்களை வீட்டுக்கு அனுப்பலாம் என்று உத்தரவு வந்திருப்பதாகப் பேச்சு இருந்தது. புரொபேஷனில் இருப்பவளை அனுப்ப உத்தரவுகூட வேண்டாம்.

அந்த வாரக் கடைசியில் ஸ்ரீகண்டன் பருப்பு மண்டிக்கே போய்விட்டார். மகளுக்கு நல்ல புத்தி சொல்லும்படி கோமதிநாயகத்திடம் கேட்டார். அவரால் முடிந்தவரை காப்பாற்றிப் பார்க்கிறாராம், ஆனால் பெண் உற்சவக் கடைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சர்க்கார் ஆபீசில் உட்கார்ந்தால் அவர் என்ன செய்ய முடியும்? ஃபைலை மேலே அனுப்பித்தான் ஆக வேண்டும். முதலாளிக்கும் மற்ற ஆட்களுக்கும் முன்னால் இதைக் கேட்டுக்கொண்டு கோமதிநாயகம் கைகளைக் கட்டியபடி நின்றார்.

வீட்டுக்கு வந்தவர் சட்டையைக் கூடக் கழற்றவில்லை. அவ்வளவு பெரிய மனுஷர் கடை தேடி வந்து சொல்லிவிட்டுப் போகிறார், அவர் சொல்கிறபடி கேட்டுவிட்டு வேலையைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னார். செண்பகவல்லி முடியாது என்றாள். அப்பாவிடம் அந்த வார்த்தையை அவள் அதற்குமுன் சொன்னதில்லை. பிச்சம்மாள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

“அது இல்லாம என்னால அங்க உக்கார முடியாதுப்பா” என்றாள் செண்பகவல்லி. “முன்ன எனக்குத் தெரியாது. எல்லாரும் சொல்லுத மாதிரி நான் மக்குன்னு நெனச்சிருந்தேன். இப்ப அது இல்லன்னு தெரிஞ்சு போச்சு. திரும்பவும் மக்கா இருக்கச் சொன்னா எப்படி இருப்பேன்?”

கோமதிநாயகம் சட்டையோடு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். மறுநாள் விடியுமுன்னே மண்டிக்குப் போய்விட்டார். அதற்கடுத்த நாள் விடுமுறை. அவர் காலையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, அந்தக் கண்ணாடியை எடு என்றார். அவர் அதை உடைத்துவிடுவாரோ என்று அவளுக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. எடுத்துக் கொடுத்தாள். அவர் அதைத் தன் பெரிய மூக்கின்மேல் வைத்து, நூலைக் காதில் மாட்டிக்கொண்டு பேப்பரைப் படித்தார். கழற்றிவிட்டுப் படித்தார். மறுபடி மாட்டிக்கொண்டு படித்தார். பிச்சம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

“எனக்கு ஒரு வித்யாசமும் தெரியல்லயே” என்றார்.

“உங்களுக்குத் தெரியாதுப்பா. தங்கபாய்க்கும் தெரியல்ல.”

அவர் கண்ணாடியைக் கழற்றி அதன் நூல் முடிச்சைப் பார்த்தார். முடிச்சு தளர்ந்திருந்தது. அதை அவிழ்த்து இறுக்கமாகக் கட்டினார். தராசுக் கயிறு கட்டிப் பழகிய கை. அவளிடம் நீட்டியபடி, “உனக்குத் தெரியுதுல்லா, அது போதும்” என்றார்.

ஃபைல் மேலே போயிற்று. கீழ்ப்படியாமை, அலுவலகக் கண்ணியத்துக்குக் குறைவான நடத்தை என்று இரண்டு குற்றச்சாட்டு. விசாரித்தது துணை இயக்குநர். கொல்லத்துப் பக்கத்து அம்மாள், வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும், சத்தம் போடாமல் பேசுகிறவர் என்று பெயர். அவர் அறையில் ஸ்ரீகண்டனும் நின்றார். செண்பகவல்லி கண்ணாடியோடுதான் போனாள்.

துணை இயக்குநர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அலமாரியிலிருந்து நடைமுறை விதிகள் புத்தகத்தை எடுத்து நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படிக்கச் சொன்னார். அவள் படித்தாள். முதல் வரி வந்தது. இரண்டாவதில் தடுக்கியது. மூன்றாவது வரி என்று நினைத்து முதல் வரியையே மறுபடி படித்தாள். எல்லோர் முன்னாலும் பள்ளிக்கூடத்தில் நின்று தடுமாறிய அதே மாதிரி தடுமாறினாள். ஆனால் நிறுத்தவில்லை. போதும் என்று அவர் சொல்கிறவரை படித்தாள். பிறகு கேட்காமலே கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதே பக்கத்தைத் தொடக்கத்திலிருந்து படித்தாள். பக்கம் முடிந்தது. புரட்டி அடுத்த பக்கத்தையும் படிக்கத் தொடங்கினாள். அவர் கையமர்த்தினார்.

ஸ்ரீகண்டனிடம் திரும்பி, இவள் வேலை எப்படி என்று கேட்டார். ஸ்ரீகண்டன் தொண்டையைக் கனைத்தார். அந்தக் கண்ணாடியை அவருக்குக் கொஞ்சமும் பிடிக்காது. ஆனால் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். கண்ணாடி போட்ட பிறகு இவள் மேசையில் பாக்கி இல்லை, தப்பும் இல்லை என்றார். சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்தார்.

துணை இயக்குநர் நாற்காலியில் சாய்ந்தார். அவருக்கு இப்போது இதைச் சுலபமாக முடித்துவிட வேண்டும் என்று இருந்தது. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். தனக்குக் கண்ணில் ஒரு நோய் இருக்கிறது, அதனால் இப்படி ஒரு கண்ணாடி தேவைப்படுகிறது, தயவுசெய்து அனுமதிக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். மற்றதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். விதியில் நோய்க்கு இடமுண்டு. வேறு எதற்கும் இடமில்லை. அனுதாபத்தோடுதான் சொன்னார். ஸ்ரீகண்டன்கூட, எழுதிக் கொடுத்துவிடேன் என்பதுபோல அவளைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

செண்பகவல்லி தாளைப் பார்த்தாள். ஒரு நிமிஷ வேலை. வேலை நிலைத்துவிடும், வீட்டில் அம்மா நிம்மதியாகத் தூங்குவாள். கையெழுத்துப் போட்டால் நாளைக்குப் பிரமோஷன் வரும்போது இந்தத் தாளும் கூடவே வரும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அவள் கை நகராததற்குக் காரணம் அதுகூட இல்லை. சோம்பேறி என்றார்கள், மக்கு என்றார்கள், வேஷம் என்றார்கள். இப்போது நோயாளி என்று அவளே எழுதிக் கொடுக்க வேண்டும்.

“எனிக்கு சுகக்கேடு ஒண்ணும் இல்ல, மேடம்” என்றாள் மலையாளத்தில். “டாக்டர் எழுதித் தந்திருக்கிறாரே, கண்ணில் ஒரு குறையும் இல்லையென்று. அது உண்மை. வெள்ளையில் எனக்கு எழுத்து நிற்காது, ரோஸில் நிற்கும். அவ்வளவுதான். அதை எழுதச் சொன்னால் எழுதுகிறேன்.”

அப்படி எழுதினால் அதை எந்த விதியில் சேர்ப்பது என்று துணை இயக்குநர் கேட்டார். குரலில் முதல் தடவையாகச் சலிப்பு தட்டியது. அது தனக்குத் தெரியாது என்றாள் செண்பகவல்லி. விதியில் இடமில்லை என்பதற்காக இல்லாத நோயை வரவழைத்துக்கொள்ள முடியாது என்றும் சொன்னாள். வார்த்தைகள் வரிசையாகத்தான் வந்தன. அந்தத் தாளில் அவள் தன் வார்த்தையிலேயே இரண்டு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு, மேசைக்கு அந்தப் பக்கம் தள்ளினாள்.

நல்லது செய்ய நீட்டிய கையைத் தட்டிவிட்டவர்களை யாருக்கும் பிடிக்காது. உத்தரவு ஒரு வாரத்தில் வந்தது. புரொபேஷன் முடிய வேண்டிய நாளிலிருந்து மேலும் ஆறு மாதம் நீட்டிக்கப்படுகிறது. அதுவரை ஊதிய உயர்வு கிடையாது. கண்ணாடி பற்றி உத்தரவில் ஒரு வார்த்தையும் இல்லை. போடலாம் என்றும் இல்லை, போடக்கூடாது என்றும் இல்லை. தங்கபாய் அதை டைப் அடித்தபோது ஆபீஸ் காப்பியோடு கூடுதலாக ஒரு ரோஸ் காப்பி எடுத்துச் செண்பகவல்லியின் கையில் கொடுத்தாள். நீ படிப்பதற்கு என்றாள். செண்பகவல்லி வாய்விட்டுச் சிரித்தாள். அந்த செக்‌ஷனில் அவள் அப்படிச் சிரித்து யாரும் கேட்டதில்லை.

கண்ணாடியைப் பற்றி உத்தரவு ஒன்றும் சொல்லாததால் அவள் அதைக் கழற்றவில்லை. புரொபேஷன் காலம் முழுக்கப் போட்டுக்கொண்டாள். மழைக்காலத்தில் ஜெலட்டின் சுருங்கியது. மாற்றி ஒட்டினாள். பிரேமின் ஒரு கால் முறிந்தபோது மண்டியில் சாக்கு தைக்கும் சணலால் அப்பா கட்டிக் கொடுத்தார். பார்க்க முன்னைவிட மோசமாக இருந்தது. பார்க்க வருகிறவர்கள் மெல்ல மெல்லக் குறைந்தார்கள். ஈஸ்ட்மன் கலர் என்ற பெயர் மட்டும் நின்றது. அவளே சில சமயம் போனை எடுத்து அப்படிச் சொல்லிக்கொள்வாள். சார்ட்டில் அவள் பெயர் மேலே மேலே ஏறிக்கொண்டு போயிற்று. சார்ட்டை அவள் நின்று பார்ப்பதில்லை.

ஸ்ரீகண்டன் அவளிடம் வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசினார். தமிழில் பேசுவதை நிறுத்திவிட்டார். கடினமான ஃபைல், தடிமனான ஃபைல், யாரும் தொட விரும்பாத பழைய வழக்குக் கட்டு எல்லாம் அவள் மேசைக்கு வர ஆரம்பித்தது. தண்டனையாக அனுப்பினாரா, நம்பி அனுப்பினாரா என்று தங்கபாய்க்கும் அவளுக்கும் அடிக்கடி விவாதம் நடக்கும். முடிவு தெரியவில்லை. செண்பகவல்லி எல்லாவற்றையும் படித்தாள். படிக்கப் படிக்க இன்னும் வேண்டும் போலிருந்தது. சனிக்கிழமை சாயங்காலங்களில் பொது நூலகத்துக்குப் போய்க் கதைப் புத்தகம் எடுத்தாள். அங்கேயும் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று பக்கத்தைப் புரட்டினாள்.

அவசரநிலை முடிந்து சார்ட்டையும் போர்டுகளையும் கழற்றி ஸ்டோர் அறையில் போட்ட அந்தக் கோடையில் அவளுக்குப் புரொபேஷன் முடிந்தது. தம்பானூரில் ஒரு கண்ணாடிக் கடைக்காரர் ரோஸ் சாயம் ஏற்றிய நிஜக் கண்ணாடியை மெட்ராசிலிருந்து வரவழைத்துக் கொடுத்தார். வேண்டுமென்றே கொஞ்சம் பெரிய பிரேமாகத் தேர்ந்தெடுத்தாள்.

அடுத்த வருஷம் நெடுமங்காட்டில் ஒரு கிளை ஆபீசுக்கு மாற்றல் வந்தது. முதல் நாள் அங்கே ஹெட் கிளார்க் நாற்காலியைக் காட்டிவிட்டு, அவள் கண்ணாடியை எடுத்து மாட்டியதும் புருவத்தைத் தூக்கினார். ஆபீசுக்குள் கூலிங் கிளாஸ் வேண்டாமே என்றார் மலையாளத்தில்.

“கூலிங் கிளாஸ் இல்ல சார். வாசிக்கதுக்கு” என்றாள் செண்பகவல்லி.

கண்ணில் ஏதாவது கோளாறா என்று அவர் கேட்டார். இல்லை என்றாள். அவர் மேற்கொண்டு ஏதோ கேட்க வாயெடுத்தார். அவள் மேசையிலிருந்த முதல் ஃபைலைப் பிரித்து, இதில் பழைய கடிதங்கள் எங்கே இருக்கின்றன, நேற்றோடு நின்றிருக்கும் வேலை எது என்று கேட்டாள். அவர் சொல்லத் தொடங்கினார். அவள் குறித்துக்கொண்டே படித்தாள்.